இன்று இரவு உறைபனி விழுமா? மாலை அறிகுறிகளில் எதை எவ்வளவு நம்புவது

காந்தல் கரை

டிசம்பர் பிறந்தால் ஊட்டியைச் சுற்றிப் பள்ளத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் மாலையில் ஒரே கேள்விதான். இன்றைக்கு மூடணுமா, விட்டுடலாமா? ஸ்பிரிங்ளர் ஓட்ட ஆள் சொல்லணுமா? தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் பக்கமெல்லாம் புல் வெள்ளையாகக் கிடக்கும் அதே காலையில், அரை கிலோமீட்டர் மேலே சரிவில் ஒன்றுமே இருக்காது.

முடிவெடுக்கக் கையில் இருப்பவை இவை: வானம் தெளிவா, காற்று நின்றதா, அடுப்புப் புகை பள்ளத்தில் படுக்கிறதா, நேற்று விழுந்ததா, போன் ஆப் என்ன சொல்கிறது, நிலா இருக்கிறதா. ஆளாளுக்கு ஒன்றைப் பெரிதாகச் சொல்கிறார்கள். எதுவும் உறுதி இல்லை. எந்த அறிகுறியை எந்த நேரத்தில் பார்ப்பது, எப்படி அளப்பது, எவ்வளவு எடை கொடுப்பது என்று விவரமாகப் பேசலாம். "அனுபவத்தில் தெரியும்" என்று மட்டும் யாரும் முடித்துவிட வேண்டாம், தயவுசெய்து.

ஈரக்குமிழ்

நல்ல கேள்வி. முதலில் எது எதனால் வேலை செய்கிறது என்று வைத்துக்கொண்டால் எடை போடுவது எளிது.

சூரியன் மறைந்ததும் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. தாழ்ந்த மேகம் இருந்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். தெளிந்த வானத்தில் திரும்பி வருவது குறைவு. காற்று அடித்தால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துகொண்டே இருக்கும். நின்றால் தரையை ஒட்டிய காற்று மட்டும் குளிர்ந்து, கனமாகி, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். நீங்கள் சொன்ன அரை கிலோமீட்டர் வித்தியாசத்துக்குக் காரணம் இதுதான்.

இத்தனையும் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்று காற்றில் உள்ள ஈரம். அதைத்தான் நம் ஊரில் குறைவாக மதிக்கிறார்கள். காற்று குளிர்ந்து பனிப்புள்ளியைத் தொட்டதும் ஆவி நீராகப் படியத் தொடங்கும். ஒரு கிராம் ஆவி நீராகும்போது சுமார் 2,500 ஜூல் வெப்பம் வெளியேறும். அந்த வெப்பம் குளிர்ச்சியின் வேகத்தைத் தடுக்கும். பனிப்புள்ளி 6 டிகிரியில் இருந்தால் இரவு முழுக்க நீர்ப்பனி கொட்டி, புல் நனைந்து, அதோடு போய்விடலாம். பனிப்புள்ளி மைனஸ் 1 என்றால் பூஜ்யம் வரை தடுக்க எதுவுமே இல்லை.

மாலை 6 மணிக்கு 10 டிகிரி என்று வைப்போம். சார்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 6.7. அது 60 என்றால் 2.6. 45 என்றால் மைனஸ் 1.4. மூன்று மாலையும் வானம் ஒரே மாதிரி நீலமாகத்தான் இருக்கும். அவசரக் கணக்கு: 100-இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, வருவதை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். ஈரப்பதம் 50-க்கு மேலே இருக்கும்போது ஒரு டிகிரிக்குள் சரியாக வரும்.

சரிவுத் தோட்டம்

ஈரக்குமிழ் சொன்னதோடு காற்றைப் பற்றி ஒன்று சேர்க்கணும். இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள்.

"காற்று லேசா அசையுது, அதனால விழாது" என்பார்கள். எந்தக் காற்று என்று பார்க்கணும். ராத்திரி எட்டு மணிக்கு முழங்கால் உயரத்தில் ஊதுபத்தி ஒன்றைப் பிடியுங்கள். புகை மெதுவாக, ஒரே சீராக, பள்ளத்தின் போக்கிலேயே கீழே நகர்ந்தால் அது குளிர்காற்று இறங்கி வருவது. உறைபனிக்கு அது சாதகமான அறிகுறி. புகை சிதறி, விட்டு விட்டு, மேட்டை நோக்கியோ குறுக்கிலோ போனால்தான் அது கலக்கும் காற்று. நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் அப்படி வீசினால் தேக்கம் கலைந்துவிடும்.

மேகமும் அப்படியே. மாலை நாலு, ஐந்து மணிக்கு நிற்கும் குவிமேகம் வெயிலால் கிளம்பியது. வெயில் போனதும் கரைந்துவிடும். அதைப் பார்த்து "இன்னைக்கு மேகமூட்டம்" என்று முடிவு கட்டக்கூடாது. எட்டரை மணிக்கு மேல் பாருங்கள். மிக உயரத்தில் மெல்லிய இழை மேகம் மட்டும் இருந்தால் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. தாழ்ந்த மேகமும் மூடுபனியும்தான் தரையைக் காக்கும்.

புகை தட்டையாகப் படுப்பது உறைபனிக்கு நம்பகமான அறிகுறி. கீழே குளிர், மேலே வெதுவெதுப்பு என்ற அடுக்கு உருவாகிவிட்டது என்பதை அது நேரடியாகக் காட்டுகிறது. நிலாவுக்கும் உறைபனிக்கும் சம்பந்தம் இல்லை. நிலா பளிச்சென்று தெரிகிற இரவு தெளிந்த இரவு, அவ்வளவுதான். மேகம் மூடிய பௌர்ணமியை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

கணக்குப் புத்தகம்

இதுவரை சொன்ன அறிகுறிகள் எல்லாம் சரி. சேர்த்துப் பார்க்கிற இடத்தில்தான் தவறு நடக்கிறது. தெளிந்த வானம், நின்ற காற்று, வறண்ட காற்று மூன்றும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஒரே வானிலைப் போக்கால் சேர்ந்தே வருகின்றன. ஒரே ஆளிடம் சேதி கேட்ட மூன்று பேர் வந்து சொன்னால் அது மூன்று சாட்சி ஆகாது.

எண்ணில் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. உங்கள் நோட்டில் வேறாக இருக்கும்.

பத்து இரவில் மூன்றில் உறைபனி என்று அடிப்படை வைப்போம். அதாவது விழும் பக்கம் 3, விழாத பக்கம் 7. விழுந்த இரவுகளில் பத்துக்கு ஒன்பதில் வானம் தெளிவு, விழாதவற்றில் பத்துக்கு நாலில் தெளிவு: 9-ஐ 4-ஆல் வகுத்தால் 2.25 மடங்கு. காற்று நிற்பதும் இப்படியே 8-க்கு 4, அதாவது 2 மடங்கு. வறட்சி 8-க்கு 3, ஏறக்குறைய 2.67 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 12. ஆக 36-க்கு 7, கிட்டத்தட்ட 84 சதவீதம்.

ஆனால் தெளிந்த இரவுகளை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டு, "இவற்றில் காற்று எத்தனையில் நின்றது" என்று எண்ணினால் விழாத இரவுகளிலும் பாதிக்கு மேல் நின்றிருக்கும். அந்த மடங்கு 2-இலிருந்து 1.4-க்கு இறங்கும் என்று வையுங்கள். தெளிவும் அமைதியும் சேர்ந்த இரவுகளில் வறட்சியின் மடங்கு 1.7 ஆகும் என்று வையுங்கள். இப்போது மொத்தம் சுமார் 5.4 மடங்கு, விடை 70 சதவீதம்.

84-க்கும் 70-க்கும் இடையில் உள்ள பதினாலும் நாம் ஒரே சேதியை மூன்று முறை எண்ணியதால் வந்த வீண் நம்பிக்கை. அறிகுறிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்போது மனசுக்கு உறுதி கூடும். அது சேர்ந்தே வரும் அறிகுறிகளிலும் கூடும் என்பதுதான் சிக்கல்.

அதனால் ஒரு வழக்கம் வையுங்கள். வானத்தைப் பார்த்த பிறகு அடுத்த அறிகுறியைக் கேட்கும்போது, "தெளிந்த இரவுகளுக்குள் இது எதைப் பிரித்துக் காட்டுகிறது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்வது பனிப்புள்ளிதான். வானம் தெரிந்த பிறகும் அது புதுச் சேதி தருகிறது.

தும்மனட்டி உழவு

கணக்குப் புத்தகம் சாருக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. இந்தப் பெருக்கலை ராத்திரி எட்டு மணிக்கு குல்லா போட்டுக்கொண்டு வயலில் நின்று யார் செய்வது? மடங்கு 1.4-ஆ 1.7-ஆ என்று பிரிக்க எத்தனை இரவு பதிவு வேண்டும்? டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி சேர்த்தே 90 நாள்தான். அதில் தெளிந்த இரவு, அதற்குள் காற்று நின்ற இரவு, அதற்குள் வறண்ட இரவு என்று பிரித்துக்கொண்டே போனால் கடைசிக் கட்டத்தில் கைவிரல் எண்ணிக்கைதான் மிஞ்சும். அதை வைத்து எடுத்த எடை அடுத்த வருடம் நிற்காது.

சமமான மதிப்பெண் போதும் என்பது என் நிலை. ராபின் டாஸ் என்ற உளவியலாளர் 1979-இல் இதைத்தான் காட்டினார்: எந்த அறிகுறி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சரியாகத் தெரிந்தால், எல்லாவற்றுக்கும் ஒரே எடை கொடுத்துக் கூட்டினாலே நிபுணரின் மனக்கணக்கை விடப் பெரும்பாலும் நன்றாக வரும். மனக்கணக்கு ஒரு நாள் வானத்தைப் பெரிதாக்கும், மறுநாள் நேற்றைய சேதத்தைப் பெரிதாக்கும். கூட்டல் அப்படி மாறாது.

என் பட்டியல்: ராத்திரி 8.30-க்குப் பார்க்க வேண்டியவை நாலு. வானம் தெளிவு 1. கலக்கும் காற்று இல்லை 1. பனிப்புள்ளி 2 டிகிரிக்குக் கீழே 1. முந்தைய இரவு விழுந்தது 1. நாலும் இருந்தால் ஒரு நிலை, மூன்று இருந்தால் ஒரு நிலை என்று இரவுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை விழுந்தது என்று எண்ணினால் வாய்ப்பு தானாக வந்துவிடும். ஐந்தே ஐந்து பெட்டிதான், 90 இரவுக்கு அது தாங்கும். அறிகுறிகள் சேர்ந்தே வரும் சிக்கலும் இதில் தீர்ந்துவிடுகிறது; எடையைப் பெருக்கவில்லை, பெட்டியில் உண்மையில் விழுந்ததைத்தான் எண்ணுகிறோம்.

பெரியவர்கள் "ஒரு நாள் விழுந்தா மூணு நாள் விழும்" என்று சொல்வதைத் தள்ள வேண்டாம். வறண்ட காற்றும் தெளிந்த வானமும் சில நாள் சேர்ந்து நிற்கும் என்பதால் நேற்றைய நிலை இன்றைக்கு உண்மையான அறிகுறி.

கணக்குப் புத்தகம்

ஏற்கிறேன். பெட்டி முறை என் பெருக்கலை விட வயலுக்குப் பொருத்தம். பெருக்கல் எங்கே வீங்குகிறது என்று காட்டவே எழுதினேன்.

நிபுணர் கண்ணைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு விவசாயத்திலிருந்தே பழைய சான்று இருக்கிறது. அமெரிக்காவில் மக்காச்சோளக் கதிர்களைப் பார்த்தே நல்ல விதை எது என்று சொல்லும் நடுவர்கள் இருந்தார்கள். பின்னாளில் அந்த நாட்டின் துணை அதிபரான ஹென்றி வாலஸ், 1923-இல் அவர்களுடைய மதிப்பெண்களையும் அந்த விதைகள் தந்த விளைச்சலையும் ஒப்பிட்டார். நடுவர்களை அதிகம் கவர்ந்தது கதிரின் நீளம். விளைச்சலோடு அதற்கு இருந்த தொடர்பு மிகக் குறைவு. ஆனால் நடுவர்கள் ஒருவரோடு ஒருவர் ஓரளவு ஒத்துப்போனார்கள். எல்லோரும் ஒரே அறிகுறியை ஒரே மாதிரி நம்பினால் ஒற்றுமை வரும், அது சரியாக இருக்க வேண்டியதில்லை. தெளிந்த வானம் நமக்கு அந்தக் கதிர் நீளம் மாதிரி ஆகிவிடக் கூடாது.

எகான் பிரன்ஸ்விக் என்ற உளவியலாளர் இதை இரண்டு பக்கமாகப் பிரித்தார். அறிகுறிக்கும் உண்மைக்கும் உள்ள தொடர்பு ஒரு பக்கம், அறிகுறிக்கும் நம் தீர்ப்புக்கும் உள்ள தொடர்பு மறுபக்கம். நோட்டுப் போட்டால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கலாம். உங்கள் கணிப்பு எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, உண்மையான உறைபனி எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று இரண்டு பத்தி.

காந்தல் கரை

நன்றி. இரண்டு சந்தேகம். ஈரப்பதம் அளக்கக் கடையில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் கருவியை நம்பலாமா? அப்புறம், வாய்ப்பு 40 சதவீதம் என்று வந்தால் மூடுவதா வேண்டாமா?

ஈரக்குமிழ்

முதல் கேள்விக்கு. அந்தக் கருவிகளில் 5 சதவீதம் பிசகு சாதாரணம். 10 டிகிரியில் 60 என்று காட்டும்போது உண்மை 55-ஆகவோ 65-ஆகவோ இருந்தால் பனிப்புள்ளி 1.4-இலிருந்து 3.7 வரை எங்கும் இருக்கலாம். முதலில் உப்புச் சோதனை செய்யுங்கள். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஈரச் சேறு போல் ஆக்குங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது. அதையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் 5 கழித்துக்கொள்ளுங்கள்.

ஈரத்துணி சுற்றிய வெப்பமானி இதை விட நம்பகமானது, ஆனால் மலையில் ஒரு பொறி இருக்கிறது. அட்டவணைகள் பெரும்பாலும் கடல்மட்டக் காற்றழுத்தத்துக்குப் போட்டவை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அழுத்தம் சுமார் 775 மில்லிபார்தான். உலர்குமிழ் (துணி சுற்றாத வெப்பமானி) 10, ஈரக்குமிழ் (ஈரத்துணி சுற்றியது) 6 என்றால் கடல்மட்ட அட்டவணை பனிப்புள்ளியை 1.2 என்று சொல்லும். ஊட்டிக்கு உண்மை 2.5. அதாவது அட்டவணை ஒவ்வொரு மாலையும் காற்றை இருப்பதை விட வறண்டதாகக் காட்டும்.

கணக்கு இது: ஈரக்குமிழ் வெப்பநிலைக்கான நிறைவு ஆவியழுத்தத்தை எடுங்கள் (அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய அதிகபட்ச ஆவியின் அழுத்தம்; 6 டிகிரிக்கு 9.35 மில்லிபார்). இரண்டு வெப்பமானிகளின் வித்தியாசத்தை ஊட்டியில் 0.51-ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். கடல்மட்டத்தில் இந்த எண் 0.67. வரும் விடை எந்த வெப்பநிலைக்கான நிறைவு ஆவியழுத்தமோ, அதுதான் பனிப்புள்ளி. குமிழைச் சுற்றிக் காற்று வேகமாக ஓட வேண்டும், சும்மா தொங்கவிட்டால் ஈரக்குமிழ் போதுமான அளவு இறங்காது. துணி பழுப்பேறினாலும் அதே பிசகு வரும், மாற்றிவிடுங்கள்.

வெப்பமானியைச் சரிபார்க்க நொறுக்கிய ஐஸை டம்ளர் நிறைய போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். பூஜ்யம் வர வேண்டும். கொதிநீரில் சோதிக்க வேண்டாம், இங்கே தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

குன்னூர் நாற்றங்கால்

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன் அண்ணா. 40 சதவீதத்துக்கு ஒரே பதில் கிடையாதுங்க. எதை மூடுறீங்க என்பதைப் பொறுத்தது.

மூடும் செலவை, மூடினால் தப்பும் இழப்பால் வகுக்கணும். வாய்ப்பு அதுக்கு மேலே இருந்தா மூடணும். நாற்றங்கால் படுக்கைக்கு ஆள் கூலி 600 ரூபாய், விட்டா போகும் நாத்து 12,000 ரூபாய் என்று வைங்க. 600-ஐ 12,000-ஆல் வகுத்தா 5 சதவீதம். அப்போ நாத்துக்கு 40 என்ன, பத்து சதவீத வாய்ப்பு இருந்தாலே மூடணும். உருளைக்கிழங்கு வயலில் டீசலும் ஆளும் சேர்ந்து 2,400, காப்பாற்றுவது 8,000 என்றால் எல்லை 30. கேரட் குளிரை உருளையை விட நல்லாத் தாங்கும், காப்பாற்றுவதே குறைவு, அதனால எல்லை இன்னும் மேலே போகும்.

இங்கே ரெண்டு தப்பு நடக்கும். ஒண்ணு, மொத்தப் பயிர் மதிப்பைக் கீழே போடுறது. மூடியும் போறது போகும். மூடினதால தப்புறதை மட்டும்தான் போடணும். ரெண்டு, எல்லையையும் கணிப்பையும் கலந்துடறது. நாத்து வச்சிருக்கிறவர் பயத்தில் "இன்னைக்குக் கட்டாயம் விழும்" என்பார். அவர் மூடறது சரி, கணிப்பு சரியில்லை. வாய்ப்பைத் தனியா சொல்லுங்க, முடிவைத் தனியா எடுங்க. இல்லைன்னா அவர் பேச்சைக் கேட்டுப் பக்கத்து உருளை வயல்காரர் வீணா டீசல் எரிப்பார்.

மூடுறது பற்றி: தாவரவியல் பூங்காவில் பூச்செடிக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வச்சு மூடுறதைப் பார்த்திருப்பீங்க, தேயிலை நாத்துக்குத் தாகைச் செடியும் போடுறாங்க. எதுவானாலும் தரையில் சூடு இருக்கும்போதே, ஐந்து மணிவாக்கில் போட்டுடணும். பாலித்தீன் தாள் நேரா இலையைத் தொடக்கூடாது, தொட்ட இடம் கருகும். காய்ந்த பாலித்தீன் வெப்பக்கதிரை உள்ளே நிறுத்தவும் செய்யாது. காலையில் வெயில் ஏறினதும் எடுத்துடுங்க.

காந்தல் கரை

ஐந்து மணிக்கு மூடணும், எட்டரைக்குத்தான் கணிப்பு தேறும் என்றால் இடிக்கிறதே?

குன்னூர் நாற்றங்கால்

இடிக்கத்தான் செய்யும். அதனாலதான் எல்லை குறைவா இருக்கிற நாத்துக்கு ஐந்து மணிக்கே, பனிப்புள்ளியை மட்டும் பார்த்து முடிவு. எல்லை அதிகமா இருக்கிற வயலுக்கு எட்டரை வரை காத்திருக்கலாம், ஸ்பிரிங்ளர் நடு ராத்திரிக்கு முன்னே பெரும்பாலும் தேவைப்படாது.

ஈரக்குமிழ்

எட்டரைக்கு மேல் இன்னொரு நல்ல அறிகுறி கிடைக்கும்: இதுவரை எவ்வளவு இறங்கியது என்பது. தெளிந்த, அமைதியான இரவில் தரை ஒட்டிய வெப்பநிலையின் இறக்கம் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும். முதலில் வேகமாக இறங்கி, போகப் போக மெதுவாகும்.

புல் உயரத்தில் 6 மணிக்கு 9 டிகிரி, 9 மணிக்கு 4.5 என்று வையுங்கள். 3 மணி நேரத்தில் 4.5 இறக்கம். காலை 6 மணி வரை 12 மணி நேரம், அதாவது நாலு மடங்கு நேரம்; நாலின் வர்க்கமூலம் 2. மொத்த இறக்கம் 9. விடியலில் பூஜ்யம். "மூணு மணி நேரத்துல நாலரை இறங்கிடுச்சு, பன்னிரண்டு மணி நேரத்துல பதினெட்டு" என்று நேர்கோட்டில் போட்டால் வீணாகப் பயப்படுவீர்கள்.

கடிகாரத்தை எங்கே தொடங்குவது என்பது முக்கியம். பள்ளத்தில் மலை நிழல் 5 மணிக்கே விழுந்துவிட்டால் அங்கிருந்து எண்ணுங்கள். அப்போது 9 மணி என்பது நாலாவது மணி. காலை ஆறரை வரை பதின்மூன்றரை மணி நேரம். பெருக்க வேண்டியது 1.84. நடுவில் பனிப்புள்ளியைத் தொட்டால் அதற்குப் பிறகு இறக்கம் இன்னும் மெதுவாகும். மேகமோ மூடுபனியோ வந்தால் கணக்கு அங்கேயே முறிந்துவிடும்.

சரிவுத் தோட்டம்

போன் ஆப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆப் காட்டுவது பல கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரே எண். ஊட்டிப் பக்கம் அந்தச் சதுரத்துக்குள் மேடும் பள்ளமும் சேர்ந்தே விழும். அதுவும் தரையிலிருந்து சுமார் இரண்டு மீட்டர் உயரக் காற்றின் வெப்பநிலை. தெளிந்த இரவில் புல் நுனி அதை விட மூன்று, நாலு டிகிரி கீழே இருக்கலாம். ஆப் 4 என்றால் புல்லில் பூஜ்யம் என்பது நடக்கக்கூடியதே.

"எங்கள் வயலுக்கும் ஆப்புக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம்" என்று ஒரே எண்ணை வைத்துக்கொள்வது தவறு. தெளிந்த இரவில் வித்தியாசம் 4, மேகமூட்டத்தில் அரை டிகிரி என்று இருந்தால், சராசரியான இரண்டு எந்த இரவுக்கும் பொருந்தாது. இரண்டையும் தனித்தனியாக எழுதி வையுங்கள்.

கணக்குப் புத்தகம்

இப்போது நோட்டு. ஜான் ஃபின்லி என்ற வானிலையாளர் 1884-இல் அமெரிக்காவில் சுழற்காற்று கணித்தார். மொத்தம் 2,803 கணிப்பு. அதில் 96.6 சதவீதம் சரி. உடனே மற்றவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: தினமும் "வராது" என்று சொல்லியிருந்தாலே 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும். அவர் "வரும்" என்று சொன்னது 100 தடவை; அதில் வந்தது 28. சொல்லாமல் வந்தது 23. இந்த இரண்டு எண்ணும்தான் விவசாயிக்கு வேண்டியவை. "பத்துக்கு எட்டு சரியாச் சொல்வேன்" என்பவரிடம், வீண் எச்சரிக்கை எத்தனை, தவறவிட்டது எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

நோட்டில் ராத்திரி 9 மணிக்கு முன்பே வாய்ப்பை எழுதிவிட வேண்டும், பத்து பத்தாக: 10, 20, 30. காலையில் திருத்தக் கூடாது. விழுந்த பிறகு "எனக்கு அப்பவே தோணுச்சு" என்று மனசு சொல்லும், எழுதினது மட்டும்தான் சாட்சி. மதிப்பெண்ணுக்கு கிளென் பிரையர் என்ற வானிலையாளர் 1950-இல் சொன்ன முறை போதும். விழுந்தால் 1, விழாவிட்டால் 0. நீங்கள் சொன்ன வாய்ப்பை அதிலிருந்து கழித்து வர்க்கப்படுத்துங்கள். 70 சொல்லி விழுந்தால் 0.09, விழாவிட்டால் 0.49. பருவம் முழுக்கச் சராசரி எடுங்கள், குறைவானால் நல்லது. எப்போதும் அடிப்படை வாய்ப்பான 30-ஐயே சொல்லியிருந்தால் என்ன வரும் என்றும் போட்டுப் பாருங்கள். அதை ஜெயிக்காத அறிகுறிப் பட்டியலால் பயனில்லை.

அவசரப்பட்டுப் பட்டியலை மாற்றவும் வேண்டாம். 70 என்று சொன்ன பத்து இரவில் ஐந்து தடவைதான் விழுந்தது என்றால் கணிப்பு மோசம் என்று அர்த்தமில்லை. உண்மையிலேயே 70 ஆக இருந்தாலும், ஐந்தோ அதற்குக் குறைவோ வருவது நூற்றில் 15 தடவை தற்செயலாகவே நடக்கும்.

ஈரக்குமிழ்

ஒரு முக்கியமான குறுக்கீடு. "விழுந்தது" என்று எதை வைத்து எழுதுகிறீர்கள்? புல் வெள்ளையா என்று பார்த்தா?

மிக வறண்ட இரவில், பனிப்புள்ளி மைனஸ் 5-இல் இருக்கும்போது, இலை மைனஸ் 3 வரை போனாலும் மேலே வெள்ளைப் படிவு வராது. காலையில் ஒன்றும் தெரியாது. மதியத்துக்குள் இலை தொங்கி, கருத்து, வெந்தது போல ஆகும். உருளைக்கிழங்கு இலை பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி கீழேயே போய்விடும். வெள்ளையை வைத்து நோட்டு எழுதுபவர் இந்த இரவுகளை எல்லாம் "விழவில்லை" என்று எழுதி, வறண்ட காற்று உறைபனியைத் தடுக்கிறது என்ற தலைகீழ்ப் பாடத்தைக் கற்றுக்கொள்வார். கூடவே, பயிர்ச்சேதம் இல்லாத வெறும் வெள்ளைப் புல்லைச் சேதமான இரவாக எண்ணுவார்.

அதனால் புல் உயரத்தில் குறைந்தபட்ச வெப்பமானி வையுங்கள். ஆல்கஹால் வகை, படுக்கைவாட்டில், குமிழ் புல் நுனியைத் தொடுமாறு, திறந்த வானத்தின் கீழ். மாலையில் குமிழ்ப் பக்கத்தை மேலே தூக்கிச் சாய்த்தால் உள்ளே உள்ள சிறு குச்சி திரவத்தின் விளிம்புக்கு வந்து நிற்கும். காலையில், அந்தக் குச்சியில் குமிழுக்குத் தூரத்தில் இருக்கும் முனையில் படியுங்கள். பகலில் வெயிலில் விடாதீர்கள். ஆல்கஹால் ஆவியாகி மறுமுனையில் ஒதுங்கும், திரவம் குறைந்து ஒரு டிகிரி, இரண்டு டிகிரி தாழ்வாகக் காட்டும். திரவம் துண்டுபட்டால் குமிழைக் கீழே பிடித்து வேகமாக உதறினால் சேரும்.

தும்மனட்டி உழவு

இதோடு இன்னொன்று. வெப்பமானியை மூடிய படுக்கைக்குள்ளோ ஸ்பிரிங்ளர் நனைக்கும் இடத்திலோ வைக்காதீர்கள். காப்பாற்றிய இடத்தில் பூஜ்யம் வராது. "பார், விழவே இல்லை, வீணா ஓட்டினோம்" என்று நோட்டு சொல்லும். வெளியே, அதே மட்டத்தில், காப்பு இல்லாத மூலையில் இருக்கட்டும்.

காந்தல் கரை

புரிகிறது. ஸ்பிரிங்ளரை எப்போது தொடங்குவது? பலர் வெப்பமானி பூஜ்யம் காட்டும்போது திறக்கிறார்கள்.

ஈரக்குமிழ்

அது தாமதம். ஈரக்குமிழ் வெப்பநிலையைப் பாருங்கள். இலை மட்டத்தில் அது 1 டிகிரிக்கு வரும்போதே திறக்க வேண்டும். காரணம்: ஒரு கிராம் நீர் உறையும்போது 334 ஜூல் தரும், ஒரு கிராம் ஆவியாகும்போது 2,500 ஜூல் எடுத்துக்கொள்ளும். வறண்ட காற்றில் நனைந்த இலை முதலில் ஆவியாதலால் குளிரும். உலர்குமிழ் 2 டிகிரி காட்டும் நேரத்திலேயே நனைந்த இலை பூஜ்யத்துக்குக் கீழே போகலாம்.

தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. வெயில் வந்து, ஐஸ் உருகி, ஈரக்குமிழ் பூஜ்யத்தைத் தாண்டிய பிறகுதான் மூட வேண்டும். நிறுத்தினால் ஐஸிலிருந்து ஆவியாவது இலையின் வெப்பத்தைப் பிடுங்கும், ஓட்டாமலே இருந்ததை விட மோசமாகும்.

தண்ணீர்க் கணக்கை மதியமே போடுங்கள். மணிக்கு 3 மில்லிமீட்டர் என்றால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 12,000 லிட்டர். எட்டு மணி நேரத்துக்கு 97,000 லிட்டர். தொட்டியில் 20,000 லிட்டர்தான் என்றால் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் காலி. குன்னூர் நாற்றங்கால் சொன்ன செலவுக் கணக்கில் "பாதியில் நின்றுபோகும் வாய்ப்பு" என்பதையும் சேர்க்க வேண்டும். தண்ணீர் போதாது என்றால் வயலைச் சுருக்கி, மிகத் தாழ்ந்த பாத்திகளுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

ஓடும்போது இலை மேல் ஐஸைப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக, நுனியில் நீர் சொட்டிக்கொண்டு இருந்தால் அளவு போதும். பால் வெள்ளையாக மாறினால் தண்ணீர் குறைவு. முனை அடைத்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள்.

சரிவுத் தோட்டம்

காந்தல் கரைக்கு ஒன்று: பாத்தியின் கீழ் விளிம்பில் அடர்ந்த வேலியோ கல் கட்டோ இருக்கிறதா? இருந்தால் இறங்கும் குளிர்காற்று அங்கே தடுக்கப்பட்டு வயலுக்குள்ளேயே தேங்கும். தாழ்ந்த மூலையில் இரண்டு மீட்டர் திறந்துவிடுங்கள். திறந்த பிறகு பழைய நோட்டின் எண்கள் அந்த வயலுக்குப் பொருந்தாது, ஐந்து பெட்டியையும் புதிதாக எண்ணத் தொடங்க வேண்டும்.

காந்தல் கரை

கல் கட்டு இருக்கிறது, இடுப்பு உயரம். திறக்கிறேன். வெப்பமானியைக் கட்டுக்கு உள்ளே வைப்பதா, வெளியிலா?

சரிவுத் தோட்டம்

உள்ளே, மிகத் தாழ்ந்த பாத்தியின் மட்டத்தில். முடிந்தால் இன்னொன்றை மேல் பாத்தியில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் திறப்பதற்கு முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று தெளிந்த இரவுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் திறப்பு வேலை செய்ததா என்று தெரிந்துவிடும்.